எலனின் இடம்

பியற்றிஸுக்கு இருந்தது ஒரே ஆசை. செத்தால் ஜெராட்டுக்குப் பக்கத்தில் கிடக்க வேண்டும். முழங்கால் ஒப்பரேஷன், பேத்தியின் பட்டமளிப்பு, லூர்து மாதாவிடம் இன்னொரு தரம் போய் வருவது எல்லாம் அதற்குப் பிறகுதான். எழுபத்தொரு வயதில் இது ஒன்றும் பேராசை இல்லை. ஆனால் லண்டனில் உயிரோடு இருப்பவர்களுக்கே இடம் இல்லை. செத்தவர்களுக்கு யார் இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

இடம் இருந்திருக்கும். அதைக் கெடுத்தவன் அவளுடைய மகன் ரதீசன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னர் ஜெராட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் விழுந்தார். மூன்றாம் நாள், சேமக்காலை அலுவலகத்தில் ரதீசனிடம் ஒரு படிவம் நீட்டினார்கள். இந்தக் குழியில் எத்தனை பேரை அடக்கம் செய்யப் போகிறீர்கள், ஒருவரா, இருவரா? இருவர் என்றால் ஆழமாக வெட்ட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். ரதீசன் பேனாவை இரண்டுக்கு நேரே கொண்டு போனான். பக்கத்துக் கதிரையில் கறுப்புச் சேலையோடு தாய் இருந்தாள். அவனுக்குப் பின்னால் நின்ற ஜெராட்டின் தமக்கை அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"தாய் உயிரோட குந்திக்கொண்டிருக்கேக்க அவவுக்கும் சேத்துக் கிடங்கு வெட்டப் போறியோடா? உனக்கென்ன விசரே?"

அவன் ஒன்றுக்கு நேரே புள்ளடி போட்டான். வெள்ளைக்காரப் பிள்ளை யோசிக்காமல் இரண்டு என்று எழுதியிருக்கும். எங்கள் பிள்ளைகளுக்குத்தான் தாயின் சாவைத் தங்கள் கையால் எழுத மனம் வராது. பியற்றிஸ் அன்றைக்கு எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை. ஒரு வருடம் கழித்து ஜெராட்டின் கல்லில் தன் பெயருக்கும் இடம் விடச் சொல்லிக் கேட்கப் போனபோதுதான், அந்தக் குழி ஒருவருக்கு வெட்டியது, இனி யாரையும் வைக்க ஏலாது என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்து மகனை ஏசினாள். இரண்டு கிழமை அவனுடைய போனை எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள். வேறு என்ன செய்வது?

அவளுடைய ஆசையை விளங்கிக்கொள்ள வேண்டுமென்றால் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். ஜெராட்டுக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். இருபத்தேழு வருடம். பியற்றிஸுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் பகல் வேலை. காலை ஆறரைக்கு அவர் வாசலுக்குள் வர, இவள் வாசலால் வெளியே போவாள். "இஞ்சருங்கோ, கறி அடுப்பில கிடக்கு." "ஓம், நீர் கவனமாப் போம்." இதுதான் அன்றாடம் நடந்த தாம்பத்தியம். அவள் எழுந்த சூட்டில் அவர் போய்ப் படுப்பார். ஒரே கட்டில், ஒரே போர்வை, ஆள் மட்டும் மாறி மாறி. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில், பிறகு யாராவது வீட்டுக் கொண்டாட்டம். அவர் ஓய்வு பெற்ற பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தது பதினான்கு மாதம். அந்தப் பதினான்கு மாதமும் அவர் குறட்டை விட்டார், அவளுக்குச் சரியான நித்திரை இல்லை, அவளுக்கு அது போதும் என்றிருந்தது. அதற்குள் ஆள் போய்விட்டார்.

"செத்த பிறகெண்டாலும் ரெண்டு பேரும் ஒரே ஷிப்டில இருக்க வேணும்" என்று அவள் ரதீசனுக்குச் சொல்வாள். பகிடியாகத்தான் சொல்வாள். அவன் சிரிக்க மாட்டான்.

ஜெராட்டின் குழிக்கு ஒரு பக்கம் தார்ப் பாதை. மற்றப் பக்கம் ஒரு பழைய கல். ஜெராட்டைப் புதைத்த காலத்தில் அந்தக் கல் பாசி பிடித்து, நோயாளியைப் போல இந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது. பியற்றிஸ் பிரஷும் வாளியும் கொண்டு போய் உரஞ்சினாள். எழுத்துகள் வெளியே வர ரதீசன் வாசித்துச் சொன்னான். 'ஜோசப் டல்லி. கிரிமியப் போரில் நின்றவர். 1896 பெப்ரவரியில் காலமானார், வயது அறுபத்தொன்று. அவரது மனைவி எலனும்.' அதோடு எழுத்து நின்றுவிட்டது. அதற்குக் கீழே ஒரு முழத்துக்கு வெறுங்கல்.

ஜோசப் என்றால் சூசை. அன்றிலிருந்து அந்தப் பட்டாளத்துக்காரர் அவளுக்குச் சூசை ஆனார். சனிக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போய் இரண்டு கல்லையும் துடைப்பாள். ஜெராட்டுக்கு ஒரு கட்டுப் பூ, அதிலிருந்து ஒரு காம்பு சூசைக்கு. மடக்குக் கதிரையை விரித்து இருந்துகொண்டு ஜெராட்டுக்கு ஊர்ப் புதினம் சொல்வாள். நோர்பரியில் எந்தக் கடை கைமாறியது, யாருடைய மகள் யாரோடு போய்விட்டாள். யாராவது வந்தால் குரலைத் தாழ்த்துவாள். சூசை கேட்டால் பரவாயில்லை. அயலட்டை என்றால் கொஞ்சம் காதில் விழத்தானே செய்யும்?

நவம்பர் மாதத்தில் சேமக்காலைச் சிற்றாலயத்தில் இறந்தவர்களுக்கு ஒரு பூசை வைப்பார்கள். அதற்கு முதல் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் இறந்தவர்களின் பெயர்களை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில், பாஷையூரில், அவளுடைய வீட்டார் பெயர் கொடுக்கும்போது கடைசியில் 'நினைப்பாரில்லாத ஆத்துமா ஒன்று' என்றும் சேர்த்துக் கொடுப்பார்கள். மெழுகுதிரி கொளுத்த ஆளில்லாத ஓர் ஆத்துமாவையும் தங்களோடு கூட்டிக்கொள்கிற பழக்கம் அது. இங்கே பியற்றிஸுக்கு அந்த ஆத்துமாவின் பெயரே தெரியும். ஆகவே ஜெராட், அப்பு, ஆச்சி, கடலில் போன தம்பி எல்லோருக்கும் கீழே ஜோசப் டல்லி என்று எழுதிக் கொடுத்தாள். ஒன்பது நவம்பரும் கொடுத்தாள்.

இந்த வருடம் பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை சூசையின் தலைமாட்டில் ஒரு தடி நட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் அறிவித்தல் மாட்டியிருந்தது. அன்றைக்குக் கூட வந்திருந்த ரதீசன் வாசித்தான். இந்தக் குழி இருவருக்கு வாங்கியது. ஒருவர்தான் உள்ளே இருக்கிறார். மேலே ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது, நூறு வருடத்துக்கு மேலாக அதை யாரும் கேட்கவில்லை. ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் சொந்தக்காரர் யாராவது வந்து மறுத்தால் இன்னும் இருபத்தைந்து வருடத்துக்கு இதைத் தொட மாட்டோம். வராவிட்டால் அந்த இடம் வேறு ஆட்களுக்குக் கொடுக்கப்படும்.

பியற்றிஸுக்குச் சந்தோசம் வந்தது. உடனே வெட்கமாக இருந்தது. பிறகு மறுபடியும் சந்தோசம் வந்தது.

"அம்மா, கீழ ஒரு ஆள் கிடப்பார்" என்றான் ரதீசன்.

"கிடக்கட்டுமேன். தொடர்மாடியில சனம் இருக்கேல்லையே?"

அன்றைக்கே இடம் கேட்டு எழுதிப் போட்டார்கள். அதன் பிறகு அவளுக்குச் சனிக்கிழமை மட்டும் போதவில்லை. செவ்வாயும் வியாழனும்கூடப் போனாள். வருகிற வெள்ளைக்காரர்களையெல்லாம் கள்ளனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். சித்திரையில் ஒருநாள், சிவந்த முகமுள்ள கிழவர் ஒருவர் சூசையின் கல்லுக்கு முன்னால் நின்று தலையைக் குனிந்தார். எங்கிருந்தோ பேரன் வந்துவிட்டான் என்றே அவள் நினைத்தாள். கிழவர் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு தன்பாட்டில் நடந்தார். இவ்வளவு காலமும் மெழுகுதிரி கொளுத்திய மனிதருக்கு ஒரு சொந்தமும் வந்துவிடக் கூடாது என்று செபிக்கிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதாள். அழுதுவிட்டுத் திரும்பவும் அதையே செபித்தாள்.

யூலை முடிய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நேரில் வந்து பேசச் சொல்லியிருந்தார்கள். லண்டனின் மற்றக் கோடியில், செவன் கிங்ஸில் இருந்த ரதீசன் லீவு போட்டுவிட்டு வந்து அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான்.

அலுவலகத்தில் இருந்தது சிவரூபினி என்ற எங்கள் பெண். நாற்பது வயதிருக்கும். மேசையில் பழைய தாள்கள் கோத்த கோவை ஒன்று விரித்துக் கிடந்தது.

"அன்ரி, எனக்கு ஒரு சிக்கல்" என்று அவள் சிரித்தாள். "இடம் ஆருக்கும் குடுக்கிறதுக்கு முதல் நாங்கள் சொந்தக்காரரைத் தேட வேணும். சட்டம் அப்பிடி. நானும் எல்லாப் பதிவும் தேடினன். நூறு வருசத்தில ஜோசப் டல்லி எண்ட பேருக்கு நேர எங்கட புத்தகத்தில இருக்கிறது ஒரே ஒரு ஆள். நீங்கள்தான். ஒன்பது வருசமா உங்கட குடும்பத்துச் செத்த ஆக்களோட அவற்ர பேரையும் குடுத்திருக்கிறீங்கள். இடம் கேட்டு எழுதினதும் நீங்கள், மறுக்கக்கூடிய ஆளும் நீங்கள். அதால கேக்கிறன். அவர் உங்களுக்குச் சொந்தமோ?"

இல்லை என்ற ஒரு சொல்லுக்கு இவ்வளவு பாரம் இருக்கும் என்று பியற்றிஸ் நினைக்கவில்லை.

"அவர் ஆரெண்டு முதல்ல சொல்லும் பிள்ளை" என்றாள்.

சிவரூபினி கோவையைப் புரட்டிச் சொன்னாள். ஜோசப் டல்லி அயர்லாந்துக்காரன், கத்தோலிக்க வேதக்காரன். பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தான், அடுத்த வருடம் கப்பலேற்றிக் கிரிமியாவுக்கு அனுப்பினார்கள். செவஸ்தபோல் நகரத்துக்கு வெளியே பதுங்குகுழிகளுக்குள் ஒரு மாரிகாலம் முழுதும் கிடந்தான். கம்பளி உடுப்பு வரவேண்டிய கப்பல் வரவில்லை. பக்கத்தில் படுத்தவன் விடிய எழும்ப மாட்டான். அப்படி எத்தனையோ பேர். இவன் எழும்பினான், ஆனால் பனியில் கருகிய இரண்டு கால்விரலை வெட்டி எடுத்தார்கள். நெஞ்சிலும் சளி இறங்கி நிரந்தரமாகத் தங்கிவிட்டது. 'இனிச் சேவைக்கு உதவான்' என்று எழுதி அனுப்பிய வெளியேற்றப் பத்திரத்தின் நகல் கோவையில் இருந்தது. அப்போது அவனுக்கு இருபத்தொரு வயது.

"பிறகு இந்த மிச்சம் எண்ட ஊருக்கு வந்திருக்கிறார். அந்த நேரம் இஞ்ச முழுக்க லவண்டர் தோட்டம். எண்ணெய் வடிக்கிற இடத்தில இராக் காவல்காரன் வேலை. எலனும் அந்தத் தோட்டத்தில பூ வெட்டினவதான். ஒரு மகள் பிறந்து நாலு வயசில தொண்டை நோயில செத்துப் போச்சு. வேற பிள்ளையள் இல்லை."

"இராக் காவலோ?" என்று பியற்றிஸ் கேட்டாள்.

"ஓம் அன்ரி. முப்பத்தஞ்சு வருசம். குடிசனப் பதிவில மூண்டு தரமும் அதுதான் எழுதிக் கிடக்கு."

பியற்றிஸ் மகனைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்தான்.

"தொண்ணூற்றாறாம் ஆண்டு பெப்ரவரியில நெஞ்சுச் சளி முத்திச் செத்துப் போனார். கிரிமியாவில நிண்ட பழைய ஆக்கள் சேந்து இந்தக் கல்லை வைச்சவை. எலனின்ர பேரையும் அப்பவே வெட்டிப்போட்டு, திகதிக்கு இடம் விட்டிருக்கினம். ஆனா எலன் வரேல்லை." சிவரூபினி ஒரு மஞ்சள் தாளை எடுத்தாள். "இது 1909இல வந்த கடிதம். ஆத்துக்கு அங்கால ஒரு ஏழையள் விடுதியில இருந்து. அவவுக்கு எழுதத் தெரியாது, ஆரோ எழுதிக் குடுத்திருக்கினம். தமிழில சொல்லட்டே?"

அவள் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள்.

'ஐயா, உங்கள் நிலத்தில் இருக்கும் ஜோசப் டல்லியின் மனைவி நான். எனக்கு எழுபத்திரண்டு வயது. வாங்கும்போது எனக்கும் இடம் இருக்கிறது என்று சொன்னீர்கள். அதற்கான பத்திரம் என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. எனக்கு யாரும் இல்லாதபடியால் வரச் சுணங்கினாலும் சுணங்கும். தயவுசெய்து என் இடத்தை ஒருவருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அவருக்குக் குளிர் முதுகுப் பக்கத்தால்தான் ஏறும். அந்தப் பக்கம் நான் படுத்துத்தான் அவருக்குப் பழக்கம்.'

"பின்பக்கத்தில எங்கட அலுவலக ஆக்கள் குறிச்சிருக்கினம். 'இடம் வைத்திருக்கிறோம் என்று பதில் போட்டாயிற்று.' ரெண்டு வருசம் கழிச்சு அவ அந்த விடுதியிலேயே செத்துப் போனா. ஒருத்தரும் இஞ்ச அறிவிக்கேல்லை. பதினொரு பேரோட ஒரே கிடங்கில போட்டிட்டினம். எந்த மூலை எண்டும் இப்ப தெரியாது."

பியற்றிஸ் எழுந்தாள். "கொஞ்சம் வெளியில போட்டு வாறன் பிள்ளை."

வெளியில் நல்ல வெயில். அவள் நடந்து போய் இரண்டு கல்லுக்கும் நடுவில் நின்றாள். மடக்குக் கதிரை காரில் இருந்தது, எடுத்துவர மனம் வரவில்லை. ஜெராட்டைப் பார்த்தாள். சூசையின் பக்கம் முகத்தைத் திருப்ப அவளால் முடியவில்லை. எலன் மேல்தான் அவளுக்குக் கோபம் வந்தது. வாறன் வாறன் என்று எழுதிப்போட்டு வராமல் இருந்தால் என்ன அர்த்தம்? நீர் உம்முடைய மனிசனிடம் வந்து சேர்ந்திருந்தால் எனக்கு இந்தச் சோலி வந்திருக்குமா? அப்படித் திட்டிக்கொண்டு நிற்கும்போதே கண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கிழவி தலையணைக்குக் கீழே கைவிட்டுப் பத்திரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த இரவுகளை அவளுக்குத் தெரியும். ஒன்பது வருடமாக அவளும் கட்டிலில் ஒரு பாதியில்தான் படுக்கிறாள்.

சொந்தம் என்று சொல்லி மறுத்தால் இடம் இருபத்தைந்து வருடத்துக்கு வெறுமையாகக் கிடக்கும். எலன் வரப் போவதில்லை. தனக்குத் தொண்ணூற்றாறு வயதாகும் வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கவும் ஏலாது. சொந்தம் இல்லை என்று சொன்னால், யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று ஒரு மனிசி கெஞ்சிக் கேட்ட இடத்தில் தானே போய்க் கிடக்க வேண்டும். கட்டின மனிசனுக்குப் பக்கத்தில் படுக்க ஆசைப்பட்டு, இன்னொருத்தியின் மனிசனுக்கு மேலே படுக்கிறதா? ஜெராட் கேட்டால் வயிறு குலுங்கச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்ததும் அவளுக்கு அவர் வேண்டும் என்று இருந்தது. வேறு ஒரு நியாயமும் அதற்கு முன்னால் நிற்கவில்லை.

ரதீசன் பின்னால் வந்து நின்றான்.

"அம்மா, எல்லாம் என்ர பிழை. அண்டைக்கு நான் ரெண்டு எண்டு போட்டிருந்தா..."

"நீ என்னைச் சாகக் குடுக்க விரும்பேல்லை. அது பிழையே?" அவள் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருடத்தில் இதை அவள் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினான். தாயும் மகனும் அப்படியே அலுவலகத்துக்குத் திரும்பினார்கள்.

"சொந்தம் இல்லைப் பிள்ளை" என்றாள் பியற்றிஸ். குரல் தெளிவாக இருந்தது. "அயல். அவ்வளவுதான். எழுதும்."

சிவரூபினி எழுதினாள். "அப்ப பதினஞ்சாம் திகதிக்குப் பிறகு இடம் உங்களுக்குத்தான் அன்ரி. ஜெராட் அங்கிளின்ர குழியோட ஒட்டினபடி. இந்தப் பழைய கல்லை எடுத்துப்போட்டு உங்கட பேரில புதுசு வைக்கலாம். இல்லாட்டி அதின்ர பின்பக்கத்தில உங்கட பேரை வெட்டலாம்."

"கல்லில ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. என்ர பேரை ஜெராட்டின்ர கல்லில போடுங்கோ. இது இருக்கிறபடி இருக்கட்டும்."

"அம்மா, நீங்கள் கிடக்கிற இடத்தில உங்கட பேர் இராதே" என்றான் ரதீசன். "எலனின்ர பேர்தான் இருக்கும். வாற சனமெல்லாம் அவதான் உள்ளுக்க இருக்கிறா எண்டு நினைக்கும்."

"சனம் நினைக்கிறது எனக்கு என்னத்துக்கு? சூசை நினைக்க வேணும். நூற்று முப்பது வருசமா வழி பாத்துக்கொண்டு கிடக்கிற மனிசன். மேல ஆரோ வந்து படுக்கிற சத்தம் கேட்டு, எலன் வந்திட்டா எண்டு அந்த ஆள் நிம்மதியா நித்திரை கொள்ளட்டும். நான் வாய் திறந்து இல்லையெண்டு சொல்லவே போறன்?"

"அப்ப அப்பா?"

பியற்றிஸ் சிவரூபினியைப் பார்த்துச் சொன்னாள்.

"பிள்ளை, என்னை மல்லாக்க வைக்க வேண்டாம். ஜெராட்டின்ர பக்கமா ஒருக்களிச்சுத் திருப்பி வைக்கச் சொல்லும்."

அதை எழுதுவதற்குப் படிவத்தில் கட்டம் எதுவும் இருக்கவில்லை. சிவரூபினி ஓரத்தில் எழுதினாள்.